வீடு விக்க எத்தனை ஏஜென்ட்? ஒருத்தரா, மூணு பேரா, வர்றவங்க எல்லாருக்குமா?

4 மே 2025, மதியம் (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்து டோங்காட்ல இருந்து ஒரு வாசகர் கேட்டது)

மாமியார் வீட்டை விக்கணும். பக்கத்து வீட்டு அங்கிள் எல்லா ஏஜென்டுக்கும் குடுன்னு சொல்றாரு, அஞ்சு பேர் தேடினா சீக்கிரம் ஆள் கிடைக்குமாம். வந்து பாத்த ஏஜென்ட் மூணு மாசத்துக்கு சோல் மேண்டேட்ல, அதாவது விக்கற உரிமை அவங்களுக்கு மட்டும்னு, கையெழுத்து போட்டாத்தான் போர்டு வைப்பேன்னு நிக்கறாங்க. யாராவது வித்த அனுபவம் இருந்தா சொல்லுங்க, எத்தனை பேருக்குக் குடுக்கறது?

4 மே 2025, ராத்திரி (என் பதில்)

அஞ்சு பேர் வேண்டாம் தம்பி. நான் பட்டதைச் சொல்றேன்.

2019-ல பீனிக்ஸ்ல எங்க வீட்டை விக்கும்போது நானும் உங்க அங்கிள் மாதிரிதான் நினைச்சேன், நாலு ஏஜென்டுக்குக் குடுத்தேன், எல்லாம் ஓபன் மேண்டேட், அதாவது யார் ஆள் கொண்டுவர்றாங்களோ அவங்களுக்குக் கமிஷன், மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. கேட்டுல நாலு போர்டு. வீட்டு விளம்பர வெப்சைட் ப்ராப்பர்ட்டி24-ல என் வீடு நாலு தடவை வருது, ஒருத்தர் 8 லட்சத்து 95 ஆயிரம்னு போட்டிருக்காரு, இன்னொருத்தர் 8 லட்சத்து 50, மூணாவது ஆள் நான் போன்ல ஏதோ சொன்னதை வச்சு 8 லட்சத்து 30-க்கே இறக்கிட்டாரு. வாங்க வர்றவங்க முட்டாளா? எல்லாத்தையும் பாத்துட்டு, குறைஞ்ச விலையில இருந்துதான் பேச்சையே ஆரம்பிக்கறாங்க. ஒரு வீட்டுக்கு நாலு போர்டு பாத்தா இந்த வீட்டுக்காரங்களுக்கு ஏதோ பண அவசரம்னுதான் தோணும், எனக்கே வேற வீட்டைப் பாத்தா அப்படித்தான் தோணியிருக்கும்.

நாலு பேர்ல ஒருத்தராவது ஞாயித்துக்கிழமை ஷோ ஹவுஸ், அதாவது யார் வேணாலும் வந்து பாக்கலாம்னு வீட்டைத் திறந்து, வச்சாங்களான்னா அதுவும் இல்ல. ஏன் வைப்பாங்க, அவங்க பெட்ரோல் போட்டு, விளம்பரத்துக்குக் காசு போட்டு ஆள் கூட்டிட்டு வர, அதே ஆளை மறுநாள் இன்னொரு ஏஜென்ட் பிடிச்சுக்கிட்டா அவங்க உழைப்பு தண்ணியிலதானே.

கடைசியில 8 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போச்சு. கமிஷன் 6 சதவீதம், 49,200 ரேண்ட். வேதனை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. விற்பனையை முடிச்சுக் குடுத்தது ரெண்டாவது ஏஜென்ட். அந்தக் குடும்பத்தை மூணு வாரம் முன்னாடி முதல் தடவை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தது முதல் ஏஜென்ட். எனக்கு ஞாபகமே இல்ல, அன்னிக்கு நான் வேலையில இருந்தேன், சாவி அவங்க கையில. முதல் ஏஜென்டோட அட்டர்னி, அதாவது வக்கீல்கிட்ட இருந்து லெட்டர் வந்துச்சு, எங்களுக்கும் முழுக் கமிஷன் வேணும்னு.

5 மே 2025

நேத்து கணக்கு அரைகுறை. 49,200-க்கு மேல வாட் 15 சதவீதம் இருக்கு, 7,380. மொத்தம் 56,580. ஏஜென்ட் 6 பர்சன்ட்னு சொல்லும்போது "வாட் சேத்தா, சேக்காமலா"ன்னு கேளுங்க, பேப்பர்லயும் அப்படியே எழுதச் சொல்லுங்க. இந்த வருஷம் மே 1-ல இருந்து வாட் 15.5 ஆகும்னு சொல்லிட்டிருந்தாங்க, ஏப்ரல் கடைசியில அதை வேண்டாம்னு விட்டுட்டாங்க, அதனால இன்னமும் 15-தான். கமிஷன் இவ்வளவுன்னு சட்டத்துல கிடையாது, பேசிக் குறைக்கலாம்.

6 மே 2025

ரெண்டு கமிஷன் கேக்கறது அநியாயம் இல்லையான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அட்டர்னிகிட்ட உக்காந்து அழாத குறை. அவரு பொறுமையா சொன்னாரு. நம்ம நாட்டுச் சட்டத்துல கடைசியில கையெழுத்து வாங்கினவருக்குத்தான் கமிஷன்னு இல்ல, அந்த விற்பனை நடக்க உண்மையான காரணமா இருந்தது யாரோ அவங்களுக்கு. முதல்ல வீட்டைக் காட்டி அந்த ஆசையை உண்டாக்கினது ஒருத்தர்னா, முடிச்சது வேற ஆளா இருந்தாலும் முதல் ஆள் கேக்கலாம். ப்ளூம்ஃபோன்டெய்ன்ல இருக்கற சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் 2011-ல இப்படி ஒரு வழக்குல தீர்ப்பே குடுத்திருக்கு: வீட்டை முதல்ல அறிமுகப்படுத்தினது ஒரு கம்பெனி, விற்பனையை முடிச்சது இன்னொரு கம்பெனி, வித்தவங்க ரெண்டாவது கம்பெனிக்குக் கமிஷனைக் குடுத்தும் முடிச்சுட்டாங்க, அப்புறமும் முதல் கம்பெனிக்கும் குடுக்கணும்னு ஆச்சு. வித்தவங்க ஏமாத்தணும்னு நினைக்காம இருக்கலாம், அது வேற விஷயம்.

என் விஷயத்துல கோர்ட்டுக்குப் போகல. ரெண்டு ஏஜென்டையும் ஒரே மேசையில உக்கார வச்சு, ஒரே கமிஷனை முதல் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு, முடிச்சவருக்கு மீதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. அட்டர்னிக்கு என் கைக்காசு 7,000 போச்சு. தூக்கம் போனதுக்குக் கணக்கு இல்ல.

அதனால எத்தனை பேருக்குக் குடுக்கலாம்னு கேக்கறப்ப, அஞ்சு பேருக்குக் குடுத்தா அஞ்சு பேர் உங்ககிட்ட கமிஷன் கேக்க வழி திறந்து வைக்கறீங்கன்னும் நினைச்சுக்கோங்க.

6 மே, இன்னொண்ணு

சாவி. மேல சொல்ல விட்டுப்போச்சு. நாலு ஏஜென்ட்னா நாலு சாவி. ஆள் குடியிருக்காத வீடா இருந்தா இது சின்ன விஷயம் இல்ல. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போனது யாருன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. காலியா இருக்கற வீட்டுல செப்புக் குழாயைக் கழட்டிட்டுப் போறவங்க எங்க பக்கம் நிறைய. வீடு காலின்னா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, சொல்லாம இருந்தா க்ளைம் வரும்போது கை விரிப்பாங்க.

9 மே 2025

நான் எழுதினதைத் திரும்பப் படிச்சா ஒரே ஏஜென்டுக்குக் குடுத்தா எல்லாம் சுகம்ங்கற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. எங்க அத்தை மகன் வெருலம்ல சோல் மேண்டேட் குடுத்தாரு, ஆறு மாசத்துக்கு. முதல் வாரம் போட்டோ எடுத்தாங்க, போர்டு வச்சாங்க, அதோட சரி. போன் பண்ணா "மார்க்கெட் டல்லா இருக்கு அங்கிள்". வேற ஏஜென்ட் ஆள் வச்சிருக்கேன்னு வந்தாலும் இவரால உள்ள விட முடியாது, விட்டா முதல் ஆளுக்கும் கமிஷன் குடுக்கணும். ஆறு மாசமும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவருக்குத் தெரியாதது என்னன்னா, கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட்ல, அதாவது 2008-ஓட 68-ஆம் சட்டம், 14-ஆம் பிரிவுல, இந்த மாதிரி காலம் குறிச்ச ஒப்பந்தத்தை 20 வேலை நாள் நோட்டீஸ் எழுத்துல குடுத்து நிறுத்திக்கலாம். அவங்க ஏற்கனவே செஞ்ச செலவை நியாயமான அளவுக்குக் கேக்கலாம், அவ்வளவுதான். எனக்கும் அப்பத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன், இன்னமும் அது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

சோல் மேண்டேட்னா எழுத்துல இருக்கணும், முடியற தேதி அதுல இருக்கணும், இது ஏஜென்டுகளோட நடத்தை விதியிலயே இருக்கு. தேதி இல்லாத பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. "தேதி முடிஞ்சா தானா நீளும்"னு ஒரு வரி குட்டி எழுத்துல இருந்தா அடிச்சுட்டுப் போடுங்க. நீங்களே ஆள் பிடிச்சு வித்தாலும் கமிஷன்னு ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்க, உங்க சித்தப்பா மகனே வாங்க வரலாம்.

13 மே 2025

இதெல்லாம் இவ்வளவு ஆர்வமா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. நானும் இப்ப விக்கத்தான் போறேன். சாட்ஸ்வொர்த் பேவியூவுல அப்பா அம்மா இருந்த வீடு. அப்பா போய் பதினொரு வருஷம், அம்மா போன வருஷம். பெரியண்ணன் லெனேஷியாவுல, தங்கச்சி மெல்போர்ன்ல, பக்கத்துல இருக்கறது நான் மட்டும்.

போன வாரம் மூணு ஏஜென்டை விலை சொல்ல மட்டும் கூப்பிட்டேன். முதல் ஆள் 10 லட்சத்து 50 ஆயிரம்னாரு. ரெண்டாவது அம்மா 11 லட்சத்து 80. மூணாவது ஆள் உள்ள வந்து அஞ்சு நிமிஷம் கூட ஆகல, 13 லட்சத்து 50-ன்னு சொல்லி பேப்பரை நீட்டறாரு. தங்கச்சிக்கு மூணாவது ஆள்தான் வேணும். நான் மூணு பேருகிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன், இந்த ரோட்டுலயும் பக்கத்து ரோட்டுலயும் கடைசி ஒரு வருஷத்துல பத்திரம் பதிஞ்ச விலை என்ன, காட்டுங்கன்னு. வீட்டுக்காரங்க கேக்கற விலை வேண்டாம், டீட்ஸ் ஆஃபீஸ்ல ஏறின விலை. முதல் ரெண்டு பேரும் காட்டினாங்க. மூணாவது ஆள் "என்னை நம்புங்க அக்கா"ன்னாரு. அந்தப் பெரிய விலை மேண்டேட் வாங்கறதுக்காகப் போடற தூண்டில், ரெண்டு மாசம் கழிச்சு "குறைக்கணும்"னு வருவாங்க, அதுக்குள்ள வீடு பழசாயிடும், ஏன் இன்னும் போகலன்னு ஊரே கேக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இந்த ஏப்ரல்ல இருந்து 12 லட்சத்து 10 ஆயிரம் வரைக்கும் வாங்கறவங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வீடு பேர் மாறும்போது கட்டற வரி, கிடையாது. அதுக்கு மேல போற தொகைக்கு 3 சதவீதம்ல இருந்து ஆரம்பிக்கும். முதல் வீடு வாங்கற பிள்ளைங்க அந்தக் கோட்டுக்குக் கீழதான் தேடுவாங்க.

18 மே 2025

ரெண்டாவது அம்மாவுக்கு சோல் மேண்டேட் குடுத்தாச்சு. எட்டு வாரம்தான், மூணு மாசம் கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். எஃப்.எஃப்.சி. பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன். தெரியாதவங்களுக்கு: ஃபிடலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட், ஏஜென்டோட லைசென்ஸ் மாதிரி, அது செல்லுபடியா இல்லாத ஏஜென்டுக்குக் கமிஷன் கேக்க உரிமையே இல்ல. 2022 பிப்ரவரி 1-ல இருந்து ப்ராப்பர்ட்டி ப்ராக்டிஷனர்ஸ் ஆக்ட் வந்துருச்சு, ஏஜென்டுகளைக் கண்காணிக்கறது பழைய எஸ்டேட் ஏஜென்சி அஃபேர்ஸ் போர்டுக்குப் பதிலா இப்ப பி.பி.ஆர்.ஏ.ங்கற அமைப்பு. வெக்கப்படாம கேளுங்க, நல்ல ஏஜென்ட் தானே எடுத்துக் காட்டுவாங்க.

24 மே 2025

மேல 18-ஆம் தேதி மேண்டேட் குடுத்தாச்சுன்னு எழுதினதை நம்பாதீங்க. நான் போட்ட கையெழுத்து செல்லாது.

அம்மா வீடு இன்னும் எஸ்டேட்டுல இருக்கு, அதாவது இறந்தவங்க சொத்தாவே, வாரிசுங்க பேருக்கு மாறல. உயில்ல எக்ஸிக்யூட்டர், அதாவது சொத்தைப் பாத்து முடிக்கற பொறுப்பு, பெரியண்ணன், இறந்தவங்க சொத்தைக் கவனிக்கற மாஸ்டர் ஆஃபீஸ்ல இருந்து லெட்டர்ஸ் ஆஃப் எக்ஸிக்யூட்டர்ஷிப் அவர் பேர்லதான் வந்திருக்கு. சாவி என்கிட்ட, லைட் பில் நான் கட்டறேன், புல்லு வெட்ட ஆள் நான் வைக்கறேன், ஆனா மேண்டேட்ல கையெழுத்து போட எனக்கு அதிகாரம் இல்ல. விற்பனைக்கும் அவர் கையெழுத்துதான், அதுக்கப்புறம் மாஸ்டர்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு 42(2) பிரிவு சான்றிதழும் வாங்கணும், அது இல்லாம பத்திரம் பதிய மாட்டாங்க. எங்க அட்டர்னிதான் கண்டுபிடிச்சாரு. அந்த ஏஜென்ட் அம்மாவும் கேக்கல, நானும் சொல்லல.

டோங்காட் தம்பி, உங்க மாமியார் இருக்காங்களா இல்லையான்னு நீங்க எழுதல. வீடு யார் பேர்ல இருக்குன்னு முதல்ல டைட்டில் டீடைப் பாருங்க.

26 மே 2025

அண்ணன் கையெழுத்து போட்டு அனுப்பிட்டாரு. இன்னிக்கு தேதியில இருந்து எட்டு வாரம், ஜூலை 21 வரைக்கும்.

30 மே 2025

நேத்து ரிசர்வ் பேங்க் வட்டியைக் குறைச்சிருக்கு, பேங்குங்க கடன் குடுக்கற அடிப்படை வட்டி, ப்ரைம், 10.75-க்கு வந்துருச்சு. வாங்கறவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அலமாரியைக் காலி பண்ணும்போது அப்பாவோட முனிசிபாலிட்டி வாடகைப் புத்தகம் கிடைச்சுது. எங்க தாத்தா பாட்டி மேகஸின் பேரக்ஸ்ங்கற கார்ப்பரேஷன் தொழிலாளிங்க குடியிருப்புல இருந்தவங்க, டர்பன் கார்ப்பரேஷன்ல கூட்டிப் பெருக்கற வேலை. எந்த இனத்துக்காரங்க எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச க்ரூப் ஏரியாஸ் சட்டத்துக்கு அப்புறம் அறுபதுகள்ல அந்த ஜனங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினாங்க, எங்க குடும்பமும் அப்படி வந்ததுதான். எந்த வீடு வேணும்னு யாரும் கேக்கல, சாவியைக் குடுத்து இதான் உன் வீடுன்னாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அப்பா அந்த ரெண்டு ரூம் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, பின்னாடி இழுத்துக் கட்டி, தனியா ஒரு கட்டடம், அவுட்பில்டிங், போட்டு, மூணு பிள்ளைகளை வளத்தாரு. இதை விக்கறதுக்கு ஏஜென்ட் "ப்ராடக்ட்"னு சொல்லும்போது எனக்குத் தாங்கல. அவங்ககிட்ட சொன்னேன், வீடுன்னு சொல்லுங்கன்னு. அதுக்கப்புறம் வீடுன்னுதான் சொல்றாங்க.

9 ஜூன் 2025

மறுபடியும் அதே கதை, ஆனா இந்தத் தடவை வந்தது குடும்பத்துக்குள்ள இருந்து.

காலையில யாரோ ஒரு ஏஜென்ட் போன் பண்றாரு, "உங்க பேவியூ வீட்டுக்கு ஆள் ரெடி, இன்னிக்குக் காட்டலாமா"ன்னு. யாருன்னே தெரியல. கேட்டா, அண்ணனோட மச்சினரோட கூட்டாளியாம், அண்ணன் ஒரு கல்யாண வீட்டுல அவரைப் பாத்தப்போ "ஆமாப்பா, விக்கறோம், ஆள் இருந்தா சொல்லு"ன்னு சொல்லியிருக்காரு. அது போதும் அவருக்கு. அண்ணன் எக்ஸிக்யூட்டர் வேற. சாயங்காலம் தங்கச்சிகிட்ட பேசினா, அவளும் அந்த 13 லட்சத்து 50 ஆளோட வாட்ஸாப்புல பேசிட்டிருக்கா, மேண்டேட் முடிஞ்சதும் உங்களுக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கா.

நான் ஒரு ஏஜென்ட்னு நினைச்சிட்டிருக்கேன், கணக்குல மூணு பேர் இருக்காங்க. ஏஜென்ட் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி வீட்டுல எத்தனை பேர் வாய் குடுக்கறாங்கன்னு எண்ணணும் போல.

10 ஜூன் 2025

நேத்து ராத்திரி மூணு பேரும் வீடியோ கால்ல உக்காந்தோம். ஒன்றரை மணி நேரம். சண்டையும் வந்துச்சு, தங்கச்சி அழுதா, அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு, அம்மா இருந்திருந்தா இந்த நேரத்துல எல்லாருக்கும் டீ போட எழுந்திருச்சுப் போயிருப்பாங்க. முடிவு இதான்: ஏஜென்டோட பேசறது நான் ஒருத்தி மட்டும். யார் கேட்டாலும் அண்ணனும் தங்கச்சியும் என் நம்பரைக் குடுக்கணும், "ஆள் இருந்தா சொல்லு"ங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது. கையெழுத்து அண்ணன். விலை இறக்கறதுன்னா மூணு பேரும்.

இன்னொண்ணும் செஞ்சேன், இது 2019-ல தெரியாம போனது. ஒரு நோட்டுப்புத்தகம் போட்டேன். நான் துணி ஃபேக்டரியில இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதினவ, அந்தப் பழக்கம். வீட்டைப் பாக்க வர்ற ஒவ்வொருத்தர் பேர், தேதி, கூட்டிட்டு வந்த ஏஜென்ட். ஏஜென்ட் அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், வாரா வாரம் வெள்ளிக்கிழமை பேர் பட்டியலை ஈமெயில்ல அனுப்பணும், மேண்டேட் முடியற அன்னிக்கு முழுப் பட்டியல் வேணும், அந்தப் பட்டியல்ல இல்லாத ஆளுக்குப் பின்னாடி கமிஷன் கேக்கக் கூடாதுன்னு. ஒத்துக்கிட்டாங்க, எழுத்துல.

22 ஜூன் 2025

முதல் ஷோ ஹவுஸ். பதினாலு குடும்பம் வந்துச்சு, ஒரு நாள்ல! பீனிக்ஸ்ல நாலு ஏஜென்டும் சேந்து மூணு மாசத்துல கொண்டுவந்ததே ஒன்பது பேர்.

பக்கத்து சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பாட்டி, என்னைத் தூக்கி வளத்தவங்க, காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. வர்றவங்க எல்லாருக்கும் டீ, ரஸ்க், அதோட "இந்த வீட்டுல மூணு கல்யாணம் நடந்துச்சு, மழையில பின் சுவர் மட்டும் கொஞ்சம் கசியும்"னு எல்லாக் கதையும். ஏஜென்ட் முகம் மாறிப்போச்சு. நான் சொன்னேன், விடுங்க, சுவரைப் பத்தி நாமளே ஃபார்ம்ல எழுதிட்டோமேன்னு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல பின்னாடி இருக்கற ரிடெய்னிங் வால்ல விரிசல் விட்டுருச்சு, சரி பண்ணோம், ஆனா ஈரம் தெரியும். இப்ப டிஸ்க்ளோஷர் ஃபார்ம்னு ஒண்ணு கட்டாயம், வீட்டுல தெரிஞ்ச குறையை எல்லாம் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தாத்தான் ஏஜென்ட் மேண்டேட்டே வாங்கலாம். ஃபூட்ஸ்டூட்ஸ்னு, அதாவது இருக்கற நிலையிலயே விக்கறோம்னு, ஒரு வார்த்தையைப் போட்டுட்டு மறைச்சு வித்துடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தெரிஞ்சே மறைச்சா அது காப்பாத்தாது.

ஒரு சின்ன வயசுப் புருஷன் பொண்டாட்டி, ரெண்டாவது குழந்தை வயித்துல, ரொம்ப நேரம் நின்னாங்க. அந்தப் பொண்ணு கறிவேப்பிலை மரத்தைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. நோட்டுல அவங்க பேர் அஞ்சாவது.

1 ஜூலை 2025

அவங்க ஆஃபர் 10 லட்சத்து 20. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. நானும் சரின்னேன்.

14 ஜூலை 2025

அடுத்த வாரம் மேண்டேட் முடியுது. ஆடி வேற பிறக்குது, நம்ம ஜனங்க ஆடியில வீடு பாக்க வர மாட்டாங்க, மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தறதுலதான் மனசு இருக்கும். இதே ஏஜென்டுக்கு நீட்டறதா, இன்னொருத்தரையும் சேக்கறதா? நாலு பேர் இங்க "ஜாயின்ட் மேண்டேட்" போடுங்கன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டு கம்பெனிக்கு மட்டும், ஒரே விலை, ஒரே போட்டோ, யார் வித்தாலும் கமிஷனை இப்படிப் பிரிக்கணும்னு முன்கூட்டியே எழுதறது. மே மாசம் கேட்டிருந்தா ஒருத்தர் போதும்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். இப்ப அவ்வளவு உறுதியா இல்ல. இந்த அம்மா நல்லா வேலை செஞ்சாங்க, ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது சாட்ஸ்வொர்த் ஜனங்கதான், ஷால்க்ராஸ், குயீன்ஸ்பர்க் பக்கத்துல இருந்து வரக்கூடியவங்ககிட்ட அவங்க போய்ச் சேரல.

22 ஜூலை 2025

ரெண்டு பேர். பழைய அம்மா, அதோட மே மாசம் 10 லட்சத்து 50 சொன்ன முதல் ஆள், அவருக்குக் குயீன்ஸ்பர்க்ல ஆஃபீஸ் இருக்கு. பழைய பட்டியல்ல மொத்தம் 23 பேர், அதை ரெண்டு பேருக்கும் ஈமெயில்ல அனுப்பிட்டேன். பட்டியல்ல இருக்கற ஆள் யார் மூலமா திரும்ப வந்தாலும் கமிஷன் பாதிப்பாதி, புது ஆள்னா கொண்டுவந்தவருக்கு முழுசும். அண்ணன், ரெண்டு ஏஜென்ட், மூணு கையெழுத்து. கமிஷன் 5.5 சதவீதம், வாட் தனி.

சாவி மட்டும் யாருக்கும் இல்ல. வர்றதுன்னா எனக்கு போன்.

2 ஆகஸ்ட் 2025

முந்தாநேத்து ப்ரைம் 10.50 ஆச்சு. நேத்து குயீன்ஸ்பர்க் ஆள் போன் பண்றாரு, ஒரு ஆஃபர், 11 லட்சத்து 20. பேர் கேட்டா, அதே பிள்ளைங்க. கறிவேப்பிலை மரம். வட்டி குறைஞ்சதுல பேங்க் கொஞ்சம் கூடக் குடுக்கறேன்னிருக்கு, அவங்க அப்பாவோட வேலை செய்யறவரு வழியா இந்த ஏஜென்டைப் பிடிச்சிருக்காங்க, பழைய ஏஜென்ட்கிட்ட திரும்பப் போக அவங்களுக்குக் கூச்சம், முதல் ஆஃபரை நாம வேண்டாம்னு சொன்னதால.

2019-ல நடந்தது அப்படியே எழுத்துக்கு எழுத்து. ஆனா இந்தத் தடவை நோட்டைத் திறந்தேன், 22 ஜூன், அஞ்சாவது பேர். ரெண்டு ஏஜென்டுக்கும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் "ஓகே, பாதிப்பாதி"ன்னு பதில் போட்டாங்க. 61,600, வாட் 9,240, மொத்தம் 70,840. அவ்வளவுதான், அட்டர்னி லெட்டர் இல்ல, அழுகை இல்ல. சந்தோஷத்துல கை நடுங்குச்சு எனக்கு.

19 ஆகஸ்ட் 2025

ஒப்பந்தம் ஆச்சு. நிலம் வீடு விக்கறது எழுத்துல, ரெண்டு பக்கமும் கையெழுத்து இருந்தாத்தான் செல்லும், வாய் வார்த்தைக்கு மதிப்பு இல்ல, 1981-ஓட 68-ஆம் சட்டம்.

இப்ப புதுத் தலைவலி அவுட்பில்டிங். அப்பா கட்டினதுக்கு ப்ளான் பாஸ் ஆச்சான்னு வாங்கறவங்க பேங்க் கேக்குது. பின்னாடி இழுத்துக் கட்டினதுக்கு ப்ளான் இருக்கு, அவுட்பில்டிங்குக்கு இல்ல. ஆர்க்கிடெக்ட் வச்சு முனிசிபாலிட்டியில இப்பக் குடுத்திருக்கோம். இதை மே மாசமே பாத்திருக்கணும். எலக்ட்ரிக் சான்றிதழ் ரெண்டு வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், அது புதுசா எடுத்தாச்சு. மரத்தை அரிக்கற வண்டு இல்லன்னு வண்டு சான்றிதழும் எடுத்தாச்சு, அது சட்டம் இல்ல, ஆனா நம்ம கடலோரத்துல ஒப்பந்தத்துலயே போட்டுடுவாங்க.

7 செப்டம்பர் 2025

போன வாரம் ஒருத்தருக்குப் பதில் எழுதும்போது ரேட்ஸ் க்ளியரன்ஸ், அதாவது முனிசிபாலிட்டிக்கு பாக்கி இல்லங்கற சான்றிதழ், 90 நாள் செல்லும்னு சொல்லிட்டேன், தப்பு. அது 60 நாள். 90 நாள்ங்கறது பாண்ட், அதாவது வீட்டுக் கடன், இருக்கறவங்க பேங்குக்குக் குடுக்க வேண்டிய கேன்சல் நோட்டீஸ், குடுக்கலேன்னா பேங்க் அபராதம் போடும். எங்களுக்கு பாண்ட் இல்ல, அப்பா எல்லாத்தையும் கட்டி முடிச்சுட்டுத்தான் போனாரு.

12 அக்டோபர் 2025

புரட்டாசி சனிக்கிழமை கும்பிடறதை நேத்து கடைசியா அந்த வீட்டுல வச்சோம். அண்ணன் குடும்பத்தோட வந்தாரு. கல்யாண வீட்டுப் பேச்சுக்கு இன்னொரு தடவை மன்னிப்பு கேட்டாரு, நான் தேவையில்லண்ணேன்னேன். காமாட்சி விளக்கை நான் எடுத்துக்கிட்டேன், தங்கச்சி அம்மாவோட ஆட்டுக்கல்லை மெல்போர்னுக்கு எப்படிக் கொண்டுபோறதுன்னு விசாரிச்சிட்டிருக்கா.

25 அக்டோபர் 2025

மாஸ்டர் சான்றிதழ் வந்தாச்சு, ப்ளானும் பாஸ் ஆயிடுச்சு. வியாழக்கிழமை பத்திரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆஃபீஸுக்குப் போயிருக்கு. இனி பதிவாகற செய்தி வரணும்.

டோங்காட் தம்பி நேத்து எழுதியிருக்காரு, வீடு இன்னமும் செத்துப்போன மாமனார் பேர்லதான் இருக்காம், மாமியார் பேருக்கு மாத்தவே இல்லையாம், இதுக்குள்ள மூணு ஏஜென்ட் ஆள் காட்டிட்டாங்களாம். தம்பி, போர்டை எல்லாம் இப்பக் கழட்டச் சொல்லுங்க. மூணு பேர்கிட்டயும் கூட்டிட்டு வந்தவங்க பேரை எழுத்துல வாங்கிக்கோங்க, தேதியோட, இந்த வாரத்துக்குள்ள. அதுக்கப்புறம் மாமியாரைக் கூட்டிட்டு ஒரு அட்டர்னிகிட்ட போங்க, மாமனாரோட டெத் சர்டிபிகேட், கல்யாண சர்டிபிகேட், டைட்டில் டீட் மூணையும் கையோட எடுத்துக்கோங்க.